‘எல்லாத்தையும் இன்னைக்கே முடிக்கிறேன்’ மீம்: வசனம் எழுதுகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

எந்த மீமைப் பற்றி இது?

ரோஸ் நிற உடை, தலைக்கு மேல் மஞ்சள் முக்கோணமாக நிற்கும் குடுமி, பிதுங்கிய கண்கள், அகலத் திறந்த வாய். ஒரு கையில் துடைப்பம், இன்னொரு கை வானத்தை நோக்கி. குழந்தை கிறுக்கியது போன்ற இந்த உருவத்தோடு ‘கிளீன் ஆல் த திங்ஸ்!’ என்று ஆங்கிலத்தில் ஓர் அலறல் வரும். வீட்டில் உள்ள அத்தனையையும் இன்றே சுத்தம் செய்து முடிப்பேன் என்ற சபதம் அது. பெயர் தெரியாவிட்டாலும் படத்தைப் பார்த்ததும் ‘ஓ, இதுவா’ என்பீர்கள். ‘எக்ஸ் ஆல் த ஒய்’ என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. எக்ஸ் இருக்கும் இடத்தில் ஒரு வேலை, ஒய் இருக்கும் இடத்தில் ஒரு பொருள். இந்த இரண்டு இடங்களையும் எப்படி நிரப்புவது என்பதுதான் இந்தப் பக்கத்தின் விஷயம்.

யார் வரைந்தது?

ஆலி ப்ராஷ். அமெரிக்கர், 1985இல் பிறந்தவர். 2009இல் ‘ஹைப்பர்போலி அண்ட் எ ஹாஃப்’ என்ற வலைப்பூவைத் தொடங்கி, பாதி எழுத்து, பாதி படம் என்று தன் வாழ்க்கையையே கதையாக்கினார். மேக் கணினியில் இருக்கும் பெயின்ட்பிரஷ் என்ற சாதாரண மென்பொருளில் வரைந்தார். வரையத் தெரியாதவர் வரைந்தது போல இருக்கும். ஆனால் ஒவ்வொரு படத்தையும் திரும்பத் திரும்பத் திருத்தி, முகபாவம் சரியாக வந்த பிறகே விட்டிருக்கிறார் என்பது கொஞ்சம் உற்றுப் பார்த்தால் புரியும். 2010 ஜூனில் அவர் போட்ட ‘திஸ் இஸ் வை ஐ’ல் நெவர் பி அன் அடல்ட்’ என்ற பதிவிலிருந்து பிய்த்தெடுத்ததுதான் இந்த மீம். 2013இல் அதே வலைப்பூப் பெயரில் புத்தகம் வந்தபோது இந்தப் பதிவும் அதில் இடம்பெற்றது. இரண்டாவது புத்தகம் 2020இல்.

மூலக் கதை என்ன?

வசனம் எழுதுமுன் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். மீமை மட்டும் பார்த்தவர்கள் பாதிக் கதையைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு பெண். திடீரென்று ஒருநாள் பொறுப்பு வந்துவிடுகிறது. பெரியவர்கள் செய்யும் வேலைகளையெல்லாம் நானும் செய்யப்போகிறேன் என்று கிளம்புகிறாள். பேங்குக்குப் போவது, கடைக்குப் போவது, வீட்டைச் சுத்தம் செய்வது. ஊரில் எல்லோரும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கும் வேலைகள்தான். ஆனால் அவள் கோட்டையைப் பிடிக்கப் போகிறவள் போலப் போகிறாள். துடைப்பத்தோடு நிற்கும் படம் இந்த உச்சத்தில் வருவது.

அடுத்துதான் சிக்கல். இவ்வளவு செய்தாயிற்றே, இனி நிம்மதியாக இருக்கலாம் என்று நினைக்கிறாள். மறுநாள் பார்த்தால் அதே வேலைகள் மறுபடியும் நிற்கின்றன. கழுவிய பாத்திரம் அழுக்காகிவிட்டது. பதில் போட்ட மெயில்களுக்கு மேல் புது மெயில்கள். பரிசு கிடைக்கும் என்று நினைத்த இடத்தில் இன்னொரு சுற்று வேலை கிடைக்கிறது. சோர்ந்து போகிறாள். அதே முழக்கம் இப்போது கேள்விக்குறியோடு வருகிறது: ‘கிளீன் ஆல் த திங்ஸ்?’ பிறகு வேலையைத் தள்ளிப்போடுகிறாள். தள்ளிப்போட்டதால் குற்றவுணர்ச்சி. குற்றவுணர்ச்சி வந்ததால் இன்னும் தள்ளிப்போடுகிறாள். கடைசியில் எல்லாவற்றையும் உதறிவிட்டு இன்டர்நெட்டே கதி என்று உட்கார்ந்துவிடுகிறாள்.

சோம்பேறியைப் பற்றிய கதை அல்ல இது. அளவுக்கு மீறி ஆரம்பித்தவளைப் பற்றிய கதை. வசனம் எழுதும்போது பலர் இந்த வித்தியாசத்தைத் தவறவிடுகிறார்கள்.

ஒரு வலைப்பூப் படம் எப்படி எல்லார் கைக்கும் போனது?

ரெடிட் போன்ற இடங்களில் அந்த ஒரு படத்தை மட்டும் வெட்டி, ‘கிளீன்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல் போட ஆரம்பித்தார்கள். மீம் தயாரிக்கும் தளங்கள் பெருகிக்கொண்டிருந்த நேரம் அது. வெறும் படம் ஏறியது, இரண்டு பெட்டி வந்தது, யார் வேண்டுமானாலும் நிரப்பலாம் என்றானது. இப்படி ஒரு வாக்கியத்தின் எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு சதையை மாற்றுவதை மொழியியலாளர்கள் ‘ஸ்னோகுளோன்’ என்று அழைக்கிறார்கள். 2004இல் புழக்கத்துக்கு வந்த சொல். இந்த மீமுக்கு அது அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது.

படத்தில் அப்படி என்ன சிரிப்பு?

அளவுப் பொருத்தமின்மை. முகத்தில் இருக்கும் வெறிக்கும் கையில் இருக்கும் துடைப்பத்துக்கும் சம்பந்தமே இல்லை. அந்த முகத்தோடு வாள் பிடித்திருந்தால் சிரிப்பு இல்லை. துடைப்பத்தைச் சாதாரண முகத்தோடு பிடித்திருந்தாலும் இல்லை.

எனவே வசனத்திலும் அந்தப் பொருத்தமின்மை இருந்தாக வேண்டும். குரல் பெரியது, வேலை சின்னது. ‘எல்லா நாட்டையும் வெல்வேன்!’ என்று போட்டால் குரலும் பெரிது, வேலையும் பெரிது. தட்டையாகிவிடும். ‘எல்லா டப்பாவுக்கும் மூடி கண்டுபிடிக்கிறேன்!’ என்று போடுங்கள், அந்த முகத்துக்கு உயிர் வரும்.

எந்த மாதிரி வேலையை வைத்தால் நன்றாக வரும்?

என் கட்சி இது, பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்: திரும்பத் திரும்ப முளைக்கும் வேலையைத்தான் வைக்க வேண்டும். மூலக் கதையின் வலியே அதுதானே. ஒருமுறை முடித்தால் முடிந்துவிடும் வேலையை வைத்தால் முழக்கம் மட்டும் மிஞ்சும், ‘நாளைக்கு என்ன ஆகும்’ என்ற இரண்டாவது சிரிப்பு கிடைக்காது.

‘எல்லாத் துணியையும் மடிக்கிறேன்!’ நல்ல வசனம். படிப்பவர் மனதில் நாளைக்குக் கொடியில் தொங்கப்போகும் துணி வந்துவிடுகிறது. ‘எல்லா மெயிலுக்கும் பதில் போடுறேன்!’ அதைவிட நல்லது. ஏனென்றால் நீங்கள் போடும் ஒவ்வொரு பதிலும் இன்னொரு மெயிலைப் பிறப்பிக்கும். ‘எல்லா செடிக்கும் தண்ணி ஊத்துறேன்!’ பரவாயில்லை. ‘எல்லா சுவருக்கும் பெயின்ட் அடிக்கிறேன்!’ அவ்வளவாக எடுபடாது. பெயின்ட் அடித்தால் சில வருடம் நிற்கும், அதில் சோகம் இல்லை.

திறந்து வைத்த பிரவுசர் டேப், ஃபோனில் பிரிக்காமல் கிடக்கும் ஆயிரக்கணக்கான போட்டோ, ‘அப்புறம் படிக்கலாம்’ என்று சேமித்த கட்டுரைகள், ஃபிரிட்ஜில் பெயர் தெரியாத டப்பாக்கள், பொறியியல் மாணவர்களாக இருந்தால் அரியர். அரியர் சமாச்சாரம் இந்த மீமுக்கென்றே பிறந்தது. ‘எல்லா அரியரையும் இந்த செமஸ்டர்லயே கிளியர் பண்றேன்!’ என்பவனிடம் எண்ணிக்கை இருக்கிறது, சபதம் இருக்கிறது, இந்த செமஸ்டரில் புதிதாக அரியர் விழும் வாய்ப்பும் இருக்கிறது. மூன்றும் ஒரே வரியில் அமைவது அபூர்வம்.

எது எடுபடாது?

கோபம் எடுபடாது. ‘எல்லாப் பயலையும் உதைக்கிறேன்!’ என்று போட்டால் முகம் கோபமாகப் படும். அது கோப முகம் அல்ல, உற்சாகத்தில் கழன்ற முகம்.

ஒற்றைப் பொருளும் எடுபடாது. ‘பரீட்சைக்குப் படிக்கிறேன்!’ என்பதில் ‘எல்லா’ இல்லை, எண்ணிக்கை இல்லை. இந்த மீமின் உயிர் எண்ணிக்கையில். ‘எல்லாப் பாடத்தையும் இன்னைக்கு ராத்திரியே படிக்கிறேன்!’ என்று மாற்றினால் சரியாகிவிடும்.

விளக்கமும் கூடாது. ‘லீவு விட்டதால் எல்லா அலமாரியையும் அடுக்கப்போகிறேன், ஏனென்றால் போன வருஷம் அடுக்கவில்லை’ என்று எழுதினால், அதைப் படித்து முடிக்குமுன் கட்டைவிரல் அடுத்த படத்துக்குப் போய்விடும்.

சோர்ந்த படத்தை எப்போது சேர்ப்பது?

முதல் படத்தை மட்டும் போடுவது பெருமை பேசுவது. இரண்டையும் போடுவது உண்மையைச் சொல்வது. நான் எப்போதும் இரண்டாவது படத்தின் கட்சி. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டாவது படத்தில் புது வசனம் எழுதாதீர்கள். ப்ராஷ் செய்தது அதே வரியைத் திருப்பிப் போட்டு ஆச்சரியக்குறியைக் கேள்விக்குறியாக்கியதுதான். ஒரு குறியை மாற்றி மொத்த மனநிலையையும் மாற்றிய இடம் அது. அங்கே போய் ‘முடியல சாமி’, ‘தூங்கப் போறேன்’ என்று எழுதினால், படம் ஏற்கெனவே சொன்னதை நீங்கள் மறுபடி சொல்கிறீர்கள்.

‘எல்லாத் துணியையும் மடிக்கிறேன்!’
‘எல்லாத் துணியையும்...?’

வினைச்சொல்லைக்கூட விட்டுவிடலாம். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால் இந்த வசதி. சோர்ந்தவள் வாக்கியத்தை முடிக்காமலே நிறுத்திவிட்டாள் என்று ஆகிறது. ஆங்கில மூலத்தில் இது நடக்காது, வினையைச் சொல்லித்தானே அங்கே தொடங்கவே முடியும்.

தமிழில் கேபிடல் எழுத்து கிடையாதே, கத்துவதை எப்படிக் காட்டுவது?

நீட்டல், துண்டாக்கல், வரிசை மாற்றல். மூன்றுமே பேச்சில் நாம் செய்வதுதான்.

நீட்டலை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ‘எல்லாத்தையும்ம்ம்ம்’ என்றால் முனகல் போலப் படிக்கிறது. ‘எல்லாஆஆத்தையும்’ என்றால் கொஞ்சம் கத்தல் கேட்கிறது. துண்டாக்கினால், ‘துணி. பாத்திரம். பரண். எல்லாம்! இன்னைக்கே!’ என்று வரும். அடுக்கு ஏறிக்கொண்டே போய் ‘எல்லாம்’ என்பதில் வெடிக்கும். வரிசை மாற்றல் எனக்கு மிகப் பிடித்தது. ‘மடிக்கிறேன்டா எல்லாத்தையும்!’ எழுத்துத் தமிழில் வினைக்குப் பின் செயப்படுபொருள் வருவது அரிது. வாயால் பேசும்போது ஆவேசம் வந்தால் தாராளமாக வரும். அந்த ஆவேசம்தான் நமக்கு வேண்டியது.

எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா?

பேச்சு. ஒரே ஒரு விதிவிலக்கு: வேண்டுமென்றே மேடைத் தமிழில் எழுதுவது. ‘இல்லத்தில் உள்ள அனைத்து எவர்சில்வர் பாத்திரங்களையும் இன்றே துலக்கி முடிப்பேன் என உறுதி கூறுகிறேன்!’ நீளம் அதிகம்தான், ஆனால் பதவிப் பிரமாண வாடை அடிப்பதால் குரலும் வேலையும் பொருந்தாமல் போகின்றன. வாரத்துக்கு ஒன்று இப்படிப் போடலாம். தினமும் போட்டால் சலித்துவிடும்.

வடிவேலு டெம்ப்ளேட் இருக்கும்போது இது எதற்கு?

நியாயமான கேள்வி. தமிழ் மீம் உலகமே வடிவேலு முகத்தில்தான் ஓடுகிறது. ஆனால் அவருடைய முகங்களில் மிகச் சிறந்தவை மாட்டிக்கொண்ட பிறகு வரும் முகங்கள்: அடி வாங்கியபின், திட்டம் சொதப்பியபின், சமாளிக்கும்போது. துடைப்பப் பெண்ணின் முகம் மாட்டிக்கொள்வதற்கு முந்தைய நிமிடம். இன்னும் எதுவும் கெடவில்லை, எல்லாம் கூடிவரப் போகிறது என்று முழுதாக நம்பும் முகம். இரண்டையும் ஒட்டி, மேலே துடைப்பப் பெண், கீழே வடிவேலு என்று போட்டாலும் நன்றாகத்தான் இருக்கும். மூலத்தின் சோர்ந்த படத்துக்கு அது நம் ஊர் மாற்று.

மனிதர்கள் ஏன்தான் இப்படி ஆரம்பிக்கிறார்கள்?

உளவியலில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடும் பழக்கத்தை 1979இல் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் ‘பிளானிங் ஃபாலசி’ என்று குறித்தார்கள். திட்டமிடும்போது வரும் ஏமாளித்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். 1994இல் கனடாவில் பியூலர், கிரிஃபின், ராஸ் மூவரும், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரிப் பதில் 33.9 நாள். எல்லாமே கோளாறாகப் போனால் எத்தனை நாள் என்றும் கேட்டார்கள். 48.6 என்றார்கள். உண்மையில் ஆனது 55.5 நாள். அதாவது, மோசமாகப் போகும் என்று கற்பனை செய்ததைவிடவும் மோசமாகப் போயிருக்கிறது. துடைப்பப் பெண் மட்டும் அல்ல, உளவியல் படித்தவர்களே தப்பவில்லை.

இன்னொரு ஆய்வு, வசனம் எழுதுகிறவர்களுக்கு நேரடியாகவே பயன்படும். 2014இல் அமெரிக்காவில் ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகியோர் வெளியிட்டது. வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், வருடத் தொடக்கம், புது செமஸ்டர், பிறந்தநாள் முடிந்த கையோடு என்று, நாள்காட்டியில் ஒரு கோடு விழும் இடங்களில் ஜிம்முக்குப் போகிறவர்கள் கூடுகிறார்கள். பிறந்தநாளில் 21ஆவது மட்டும் விலக்கு. அமெரிக்காவில் சட்டப்படி மது வாங்கும் வயது 21 என்பதை நினைத்துக்கொண்டால் விளக்கம் தேவையில்லை.

அப்படியானால் எந்த நாளில் போடுவது?

ஞாயிறு சாயங்காலமும் திங்கள் காலையும் முதல் படத்துக்கு. புதன்கிழமை இரண்டாவது படத்துக்கு. ஜனவரி 1 அன்று எல்லாருமே போடுவார்கள் என்பதால் தவிர்க்கலாம், 4ஆம் தேதி கேள்விக்குறிப் படத்தைப் போட்டால் கூடுதல் வரவேற்பு கிடைக்கும்.

நம் ஊரில் இந்த மீமுக்குப் பண்டிகையே இருக்கிறது. போகிக்கு முந்தின வாரம் பரண்மேல் ஏறுகிறவர்கள், ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஆபீஸ் கீபோர்டைக் கழற்றித் துடைப்பவர்கள் எல்லாரும் இதன் வாசகர்கள். போகி வசனத்தில் ஓர் எச்சரிக்கை. போகியில் பழையதை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள், வேலை ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. எனவே எரிப்பதை வைக்காமல், பரணிலிருந்து இறக்கிய சாமானில் பாதியை ‘இது தேவைப்படும்’ என்று அம்மா மறுபடி ஏற்றுவதை வைத்து எழுதுங்கள்.

எழுத்துரு எது? ஆங்கில மீம்களில் வரும் அந்தத் தடித்த எழுத்து தமிழில் கிடைக்குமா?

அந்த எழுத்துரு இம்பாக்ட். 1965இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இருந்த ஸ்டீஃபன்சன் பிளேக் என்ற அச்செழுத்து நிறுவனம் வெளியிட்டது, வடிவமைத்தவர் ஜெஃப்ரி லீ. 1996இல் மைக்ரோசாஃப்ட் இணையத்துக்காக இலவசமாகத் தந்த எழுத்துருக்களில் இதுவும் சேர்ந்ததால் எல்லாக் கணினியிலும் நுழைந்தது, மீம்களுக்கும் வழக்கமானது.

இம்பாக்ட்டில் தமிழ் எழுத்துகள் கிடையாது. மீம் தளத்தில் அதைத் தேர்ந்தெடுத்துத் தமிழில் தட்டினால், கணினி தன்னிடம் இருக்கும் ஏதாவது ஒரு தமிழ் எழுத்துருவைச் சத்தமில்லாமல் எடுத்துப் போட்டுவிடும். அதனால்தான் பல மீம்களில் எழுத்து மெலிந்து, படத்தோடு ஒட்டாமல் தெரிகிறது. இலவசமாகக் கிடைப்பவற்றில் பாலூ தம்பி உருண்டு திரண்டு இருக்கும், இந்தப் படத்தின் கிறுக்கல் கோட்டோடு நன்றாகச் சேரும். முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை இவற்றின் தடித்த வகைகளும் சரி. நோட்டோ சான்ஸ் தமிழ் எப்போதும் பாதுகாப்பு, கொஞ்சம் அலுவலகத்தனம்.

வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு விளிம்பு கட்டும்போது கவனம். ஆங்கிலத்துக்கு வைக்கும் தடிமனை வைத்தால் ண, இ, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைத்துப்போய் கறுப்புக் கட்டியாகும். விளிம்பைப் பாதியாக்குங்கள். ‘துணி’யில் உள்ள ‘ணி’ சின்னத் திரையில் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்தால் மற்ற எழுத்துகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஃபோட்டோஷாப்பில் கொம்பும் காலும் தனித்தனியாகப் போகின்றனவே?

‘கொ’ என்று தட்டினால் ஒற்றைக் கொம்பு, க, கால் என்று சிதறும் கதை. எழுத்துருவின் குறை அல்ல. எழுத்து அமைப்புகளுக்குள் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு அணைந்திருக்கிறது. அதை இயக்கினால் கூடிவிடும். புதிய பதிப்புகளில் அது ‘வேர்ல்ட்-ரெடி’ என்ற பெயரில் இருக்கிறது. ஜிம்ப் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லையே இல்லை.

வசனத்தைப் படத்தில் எங்கே வைப்பது?

மேலே தூக்கிய கையையும் குடுமியையும் மறைக்காத இடத்தில். கை மறைந்தால் சபதம் போய்விடும். இடம் போதவில்லை என்றால் வசனத்தைச் சுருக்குங்கள், எழுத்தைச் சுருக்காதீர்கள். அதுவும் முடியாவிட்டால் படத்துக்கு மேலே வெள்ளைப் பட்டை கட்டி அதில் எழுதலாம். பழைய கை மீம் காரர்களுக்கு அது பிடிக்காது, போகட்டும்.

துடைப்பத்தை எடுத்துவிட்டு வேறு பொருள் வரைந்து கொடுக்கலாமா?

நிறையப் பேர் செய்திருக்கிறார்கள். கரண்டி, பேனா, லேப்டாப் எல்லாம் பார்த்தாயிற்று. என்னைக் கேட்டால் துடைப்பம் இருக்கட்டும். ‘எல்லா மெயிலுக்கும் பதில் போடுறேன்!’ என்று துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பதில் இருக்கும் அபத்தம், லேப்டாப்பைத் தூக்கினால் வராது.

ப்ராஷ் பிறகு மனச்சோர்வு பற்றி எழுதினாராமே? அது தெரிந்தபின் சிரிக்கலாமா?

2011 அக்டோபரில் ‘அட்வெஞ்சர்ஸ் இன் டிப்ரெஷன்’, 2013 மே மாதம் அதன் இரண்டாம் பகுதி. தன் நோயைப் பற்றி அதே ரோஸ் உருவத்தை வைத்து எழுதினார். எதிலும் எதுவும் உணர முடியாத நிலையை அவ்வளவு துல்லியமாகச் சொன்னவர்கள் குறைவு. நோயாளிகள் மட்டும் அல்ல, மருத்துவத் துறையினரும் அதைப் பரிந்துரைத்தார்கள். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் இணையத்தில் அவரைக் காண முடியவில்லை, 2020இல்தான் திரும்பினார்.

சிரிக்கலாம். அவரே சிரிக்க வைத்துத்தான் எழுதினார், அந்தப் பதிவுகளிலும்கூட. ஆனால் ஒரு கோடு இருக்கிறது. சோர்ந்த படத்தை எடுத்து, படுக்கையை விட்டு எழ முடியாத ஒருவரைக் கேலி செய்யும் வசனம் எழுதினால் அது படத்தை வரைந்தவரையே கேலி செய்வது. தன்னைத் தானே கிண்டலடிக்கும் மீம் இது. ‘நான்’ என்ற இடத்திலிருந்து எழுதுங்கள், ‘நீ’ என்று விரல் நீட்டாதீர்கள்.

படம் யாருக்குச் சொந்தம்? கேஸ் போடுவார்களா?

சொந்தம் வரைந்தவருக்கு. இணையத்தில் ஆயிரம் முறை சுற்றியது என்பதால் உரிமை ஆவியாகிவிடாது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 107ஆம் பிரிவில் நியாயமான பயன்பாடு என்ற வாசல் இருக்கிறது. என்ன நோக்கம், எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுத்தீர்கள், அதன் சந்தையைக் கெடுக்கிறதா என்ற நான்கையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இந்தியச் சட்டத்தில் 52ஆம் பிரிவு. சொந்த உபயோகம், விமர்சனம், நடப்புச் செய்தி என்று அதன் வாசல் குறுகியது. நண்பர்கள் குழுவில் ஒரு மீம் போட்டதற்காக யாரும் கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

ஆனால் கம்பெனி விளம்பரம் வேறு. சுத்தம் செய்யும் பவுடர் விற்க இந்தப் படத்தைப் போட்டால், புத்தகமாக விற்பனையில் இருக்கும் ஒருவரின் படைப்பை அனுமதியில்லாமல் வியாபாரத்துக்கு எடுத்தீர்கள் என்றாகும். டீ-ஷர்ட், காபி கப் அச்சடிப்பதும் இதே கணக்கு. உங்கள் ஆபீஸில் சமூக ஊடகப் பொறுப்பில் இருப்பவர் ‘எல்லாரும் போடுறாங்களே’ என்று சொன்னால், எழுத்தில் அனுமதி வாங்கி வரச் சொல்லுங்கள்.

பெயர் போட வேண்டுமா?

போடுங்கள். ஒரு மூலையில் ‘படம்: ஆலி ப்ராஷ்’ என்று நான்கு மில்லிமீட்டர் இடம் போதும். மீம் காரர்கள் தங்கள் பக்கத்தின் வாட்டர்மார்க்கை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்வதைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. வசனம் உங்களுடையது, சரி. முகம் யாருடையது?

பார்வையற்றவர்களுக்கு இந்த மீம் எப்படிப் போய்ச் சேரும்?

படத்தோடு மாற்றுரை எழுதினால் சேரும். திரைவாசிப்பான் அதைப் படித்துக்காட்டும். ‘மீம் படம்’ என்று மட்டும் எழுதுவது எழுதாததற்குச் சமம். சிரிப்பு எதில் இருக்கிறதோ அதைச் சொல்ல வேண்டும்: ‘கிறுக்கலாக வரைந்த பெண் உருவம், கண்கள் பிதுங்க, துடைப்பத்தோடு கையைத் தூக்கி வெறியோடு கத்துகிறது: எல்லாத் துணியையும் மடிக்கிறேன்! அடுத்த படத்தில் அதே உருவம் தோள் தொங்கி நிற்கிறது: எல்லாத் துணியையும்...?’ உடையின் நிறம் அவசியமில்லை. வசனத்தை முழுதாக எழுதுவது அவசியம், ஏனென்றால் படத்துக்குள் இருக்கும் தமிழ் எழுத்தைத் திரைவாசிப்பான் தானாகச் சரியாகப் படிக்கும் என்று நம்ப முடியாது.

2010இல் வந்த மீம் இது. இன்னும் யாருக்குப் புரியும்?

மூலம் தெரியாதவர்களுக்கும் புரிகிறது. அந்த முகத்துக்கு முன்கதை வேண்டியதில்லை. புதிதாக வரும் மீம்களில் பல, ஒரு வாரத்துக்குள் நடந்த ஏதோ ஒன்றைத் தெரிந்திருந்தால்தான் பிடிபடும். இதற்கு வீட்டில் பாத்திரம் கழுவியிருந்தால் போதும். ‘பழசு’ என்று சொல்கிற இளவட்டங்கள் இருப்பார்கள், அவர்களுக்கு அரியர் வசனத்தை அனுப்புங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எழுத்து மங்கிப்போகிறதே?

இரண்டு காரணம். ஒன்று, ஜேபெக் ஆகச் சேமித்திருப்பீர்கள். ஒரே நிறம் பரந்திருக்கும் இப்படிப்பட்ட படங்களில் எழுத்தின் ஓரத்தில் அழுக்குப் படிந்தது போல ஆகும். பிஎன்ஜி ஆகச் சேமியுங்கள். இரண்டு, படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும். டாக்குமென்ட் ஆக அனுப்பினால் அப்படியே போகும், ஆனால் குழுவில் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். எனவே படமாகவே அனுப்புங்கள், எழுத்தை மட்டும் இன்னும் ஒரு அளவு பெரிதாக்கிவிட்டு.